“எதுக்கு தம்பி எண்ணுதிய?”

பாளையங்கோட்டையில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. 2015 ஜனவரியில் ஒரு கல்லூரி மாணவி கடைக்கு வந்து, முன்னும் பின்னும் அச்சிட்ட ஒரு படிவத்தைக் கொடுத்து நூற்றைம்பது பிரதி கேட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது சும்மா படித்துப் பார்த்தேன். முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, நீலச்சிறகி என்று வரிசையாகப் பறவைப் பெயர்கள், எதிரே எண்ணிக்கை எழுத வெறும் கட்டங்கள். நாமக்கோழி மட்டும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஆச்சி ஊர்க் குளத்தில் காட்டியிருக்கிறார். கறுப்பு உடம்பு, நெற்றியில் பளிச்சென்று வெள்ளை நாமம். மற்ற பெயர்களையெல்லாம் அப்போதுதான் பார்க்கிறேன். முப்பத்தாறு வயதுவரை இந்தத் தாமிரபரணிக் கரையிலேயே இருந்துவிட்டு இத்தனை பெயர்கள் தெரியாமல் போய்விட்டதே என்றிருந்தது.

“இது எதுக்கும்மா?” என்று கேட்டேன்.

“தாமிரபரணி நீர்வாழ் பறவைகள் கணக்கெடுப்பு அண்ணாச்சி. குளம் குளமாப் போய் எண்ணணும். நீங்களும் வாங்களேன், முந்தின நாள் சாயந்திரம் சொல்லிக் கொடுப்பாங்க.”

போனேன். அப்படித்தான் ஆரம்பித்தது.

இந்தக் கணக்கெடுப்பு 2011 முதல் ஜனவரி மாதத்தில் நடந்துவருகிறது. ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் மணிமுத்தாறில் இருந்து முன்னின்று நடத்துகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குளங்களைத் தன்னார்வலர்கள் குழுக்களாகப் பிரித்துக்கொண்டு பார்க்கிறார்கள். ஜனவரியைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை முடிந்து குளங்களில் தண்ணீர் நிற்கும் காலம் அது. வடக்கே குளிருக்குப் பயந்து கிளம்பி வந்த வாத்துகளும் உள்ளான்களும் இங்கே தங்கியிருக்கும். ஆசிய நாடுகளில் 1987 முதல் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியில்தான். எல்லாரும் ஒரே சமயத்தில் எண்ணினால்தான் ஒரு கூட்டத்தையே இங்கேயும் அங்கேயும் இரண்டு தடவை எண்ணாமல் இருக்கலாம்.

முதல் நாள் காலை ஐந்தரைக்கு வேன். எங்கள் குழுவில் ஆறு பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், படிவம் கொண்டுவந்த மாணவி, அவருடைய தோழி, கேமராவோடு வந்த ஒரு தம்பி, எங்களுக்கு வழிகாட்ட ஒருவர், அப்புறம் நான். திருச்செந்தூர் சாலையில் கொஞ்ச தூரம் போய் உள்ளே திரும்பினால் அந்தக் குளம். அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னால் பின்னால் வரப்போகிற பெரியவர் யாரென்று தெரிந்துவிடும்.

கரையில் ஏறியதும் தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப்பை மூன்று கால் ஸ்டாண்டில் மாட்டி, “இதுல பாருங்க” என்றார் வழிகாட்டி. கண்ணை வைத்தேன். சங்குவளை நாரை ஒன்று, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல அவ்வளவு கிட்டத்தில் தெரிந்தது. மஞ்சள் அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துக்கொண்டே நடந்தது. காலால் சேற்றைக் கிளறியது. கண் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. திடீரென்று அலகு மூடியது, தலை மேலே போனது, தொண்டைக்குள் மீன் இறங்குவது தெரிந்தது. கலங்கல் தண்ணீரில் அது பார்த்துப் பிடிப்பதில்லை, அலகில் மீன் பட்ட நொடியில் மூடிக்கொள்கிறது என்று பிறகுதான் சொன்னார்கள். வாலுக்கு மேலே இளஞ்சிவப்பாகச் சில இறகுகள் இருந்தன. தூரத்தில் வெள்ளையும் கறுப்புமாக மட்டும் தெரிந்த பறவை அது. எத்தனையோ தடவை பஸ்ஸில் போகும்போது ‘கொக்கு’ என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் பொறுமையாக இருந்தார்கள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. அதை இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு மடையின் மேல் ஒரு தாத்தா உட்கார்ந்திருந்தார். அந்தக் குளத்தில் மடையைத் திறந்து அடைத்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிற வேலை அவருடையது. எங்களையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். “எதுக்கு தம்பி எண்ணுதிய? எண்ணி என்ன செய்யப் போறிய?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை என் கூட வந்த ஒவ்வொருவரிடமும் நானும் கேட்டுவிட்டேன்.

தலைமையாசிரியர் சார் சொன்னது இது: “ரிட்டயர்டு ஆனதுக்கு அப்புறம் என்னை யாரும் எதுக்கும் காலையில அஞ்சு மணிக்கு வரச் சொல்லல. இவங்க சொன்னாங்க.” அவருக்கு நடை வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் நடப்பதற்காக மட்டும் ஆள் குளத்துக்கு வரமாட்டார், தெருவிலேயே நடந்துவிட்டுப் போவார். தான் போகாவிட்டால் அந்தக் கட்டம் காலியாக இருக்கும் என்ற எண்ணம்தான் அவரை எழுப்புகிறது.

அந்த மாணவி சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. “அண்ணாச்சி, நான் தனியா ஒரு குளத்தங்கரையில அரை மணி நேரம் சும்மா நிக்க முடியுமா? யாராவது வந்து கேப்பாங்க. இல்ல, வீட்டுல விடமாட்டாங்க. கழுத்துல பைனாகுலரும் கையில படிவமும் இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க.” ஆணாகப் பிறந்ததால் எனக்கு இது தோன்றியதே இல்லை. குளத்தங்கரையில் உட்கார எனக்கு யாருடைய அனுமதியும் தேவைப்பட்டதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கணக்கெடுப்பு என்பது முதலில் ஒரு அனுமதிச் சீட்டு, பறவை அதற்கு அடுத்தது. இப்படி நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வேன் எத்தனை மணிக்கு எங்கே கொண்டுவந்து விடும், குழுவில் இன்னொரு பெண் இருக்கிறாரா, கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவோம் என்ற மூன்றையும் முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டால், வரத் தயங்குகிற பல பெண்கள் வருவார்கள். எங்கள் குழுவில் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு வந்தார்கள்.

கேமராத் தம்பி நல்ல படங்களுக்காக வந்தவர். இரண்டு வருடம் வந்தார், அப்புறம் வரவில்லை. அபூர்வமான பறவை ஏதாவது கிடைக்கும் என்று மட்டும் வருகிறவர்கள் அநேகமாக நிற்பதில்லை என்பது என் அனுபவம். கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் வரித்தலை வாத்து வந்திருக்கிறது என்றால் கூட்டம் வரும். அதில் தப்பே இல்லை. மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி நாங்குநேரிப் பக்கம் வந்து இறங்குகிற பறவையைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் வருடாவருடம் திரும்பி வருகிறவர்கள், ஒரே குளத்துக்குத் திரும்பி வருகிறவர்கள்தான். மூன்றாவது தடவை வரும்போது “நம்ம குளம்” என்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள். அதன்பின் அவர்களை யாரும் கூப்பிட வேண்டியதில்லை.

எனக்கு அந்த மூன்றாவது தடவை 2017 ஜனவரி. முந்தின வருடம் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போனது உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடே காய்ந்து கிடந்தது. கரையேறிப் பார்த்தால் குளத்துக்குள் ஆடு மேய்கிறது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. நடுவில் சின்னக் குட்டை, அதில் இரண்டு மடையான் கொக்கு. மூன்றாவதாக ஒன்று இருந்ததா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். வாத்து இல்லை, நாரை இல்லை, நாமக்கோழி ஒன்றுகூட இல்லை. வேனைத் திருப்பி வேறு குளத்துக்குப் போய்விடலாம் என்று நான்தான் முதலில் சொன்னேன்.

வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. “இதையும் எழுதணும் அண்ணாச்சி. தண்ணி இருக்கும்போது மட்டும் எண்ணினா, என்னைக்கும் நிறையப் பறவை இருக்கற மாதிரிதான் கணக்கு காட்டும்.”

படிவத்தில் நீர்மட்டம் என்ற இடத்தில் ‘வறண்டது’ என்று எழுதினோம். நாமக்கோழி: சைபர். முக்குளிப்பான்: சைபர். புள்ளிமூக்கு வாத்து: சைபர். பெயரைச் சொல்லிச் சொல்லி சைபர் போட்டுக்கொண்டே வரும்போது ஏதோ இழவு வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. தாத்தா வந்து பக்கத்தில் நின்றார். அன்றைக்கு ஏன் எண்ணுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. “எழுதிக்கோங்க தம்பி, நல்லா எழுதிக்கோங்க” என்றார். தன் வயல் காய்ந்ததற்கும் ஒரு சாட்சி இருக்கட்டும் என்று அவர் நினைத்திருப்பார்.

தண்ணீர் நிறைந்திருந்தால்தான் பறவை நிறைய வரும் என்று நானும் நினைத்திருந்தேன். அதைத் திருத்தியதும் தாத்தாதான். குளம் முட்ட முட்டப் பெருகி நிற்கும்போது முக்குளிப்பான், நாமக்கோழி, வாத்து எல்லாம் மிதக்கும். நாரைக்கும் உள்ளானுக்கும் கால் ஊன்ற இடமிருக்காது. தண்ணீர் மெல்ல வற்றி முழங்காலளவு ஆகும்போதுதான் மீன் ஒடுங்கும், நாரைகள் கூட்டமாக இறங்கும். அதனால் ஒரு வருடக் கணக்கை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடும்போது நீர்மட்டத்தைப் பார்க்காமல் “பறவை குறைந்துவிட்டது” என்று சொல்லிவிடக் கூடாது. படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வருகிற குழுக்கள் உண்டு. தயவுசெய்து விடாதீர்கள்.

எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பயப்படுவது இதற்குத்தான். முந்நூறு, நானூறு வாத்து அடர்த்தியாக மிதக்கும்போது ஒவ்வொன்றாக எண்ண முடியாது. இடது ஓரத்தில் பத்துப் பறவையை நிதானமாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அதே அளவை ஒரு கட்டமாக நினைத்து வலது பக்கம்வரை அடுக்கிக்கொண்டே போங்கள். கூட்டம் பெரிதென்றால் ஐம்பதாக எடுத்துக்கொள்ளலாம். நான் ஒரு தடவை நீலச்சிறகிக் கூட்டத்தை 250 என்று எழுதினேன். கேமராத் தம்பி எடுத்த படத்தைக் கடையில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்து எண்ணினால் 430 வந்தது. பெரிய கூட்டத்தைக் கண் குறைத்தே மதிப்பிடும். அன்றிலிருந்து நான் இரண்டு தடவை எண்ணாமல் எழுதுவதில்லை.

பருந்து வந்தால் எல்லாம் கிளம்பிவிடும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று குளத்தின் மேல் தாழப் பறந்தால் போதும், இந்த மூலையில் இருந்த வாத்து அந்த மூலைக்குப் போய்விடும். அப்போது எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு, அவை அமர்ந்த பிறகு முதலிலிருந்து ஆரம்பியுங்கள். தொடர்ந்து எண்ணினால் அதே பறவையை இரண்டாம் முறை எழுதுவீர்கள். எங்கள் முதல் வருடக் கணக்கில் அப்படி ஒன்று நடந்து, அந்த எண்ணிக்கையை அடித்துவிட வேண்டி வந்தது.

அடையாளம் தெரியாவிட்டால் ஊகித்து எழுத வேண்டாம். சிறிய நீர்க்காகமா கொண்டை நீர்க்காகமா என்று தூரத்தில் தெரியவில்லை என்றால் ‘நீர்க்காகம், வகை தெரியவில்லை’ என்றே எழுதலாம். அது தப்பான கணக்கு இல்லை, நேர்மையான கணக்கு. செல்போன் செயலிகள் உதவும்தான், ஆனால் செயலி சொன்னது என்பதற்காக மட்டும் எழுதாதீர்கள். கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

காலையில் போகிறவர்கள் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்க வேண்டும். வெயில் முதுகில் இருந்தால்தான் நிறம் தெரியும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். பைனாகுலர் வாங்குவதென்றால் 8x42 போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது, முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பதினாறு மடங்கு, இருபது மடங்கு என்று விற்பதை வாங்கினால் கை நடுக்கத்தில் ஒன்றும் நிற்காது. முதலில் வலது கண்ணை மூடி நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடதை மூடி, வலது கண் குழலில் இருக்கிற வளையத்தைத் திருப்புங்கள். இதைத் தெரியாமல் “எனக்கு இதுல ஒண்ணும் தெரியல” என்று திருப்பிக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்கள் கண்மேல் குறை இல்லை.

புதியவர்கள் வந்தால் என்ன வேலை கொடுப்பது என்பதில் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். எழுதுகிற வேலையைக் கொடுத்துவிடுங்கள். எழுதுகிறவர் ஒவ்வொரு பெயரையும் கேட்டாக வேண்டும், கட்டத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், எண்ணை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒரு காலைப் பொழுதில் இருபது பெயர் மனதில் தங்கிவிடும். கூடவே, தான் இல்லாமல் இந்தக் குழு நடக்காது என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். எனக்கும் அப்படித்தான் பெயர்கள் பழகின.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு வருடம் அப்பாவோடு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். துள்ளிக் குதித்துக்கொண்டு, “அங்க பாருங்க, மீன்கொத்திக் கழுகு!” என்று கத்தினான். அது கரும்பருந்து. நான் எல்லார் முன்னாலும், “அது சாதாரணப் பருந்துப்பா, வால் கவட்டையா இருக்கு பாரு” என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதான். பையனின் முகம் சுருங்கிவிட்டது. மிச்ச நேரம் முழுக்க அவன் ஒன்றையும் காட்டவில்லை. அடுத்த வருடம் அவர்கள் வரவில்லை. “எங்கே, காட்டு பாப்போம், வால் எப்படி இருக்குன்னு பாத்தியா?” என்று கேட்டிருந்தால் அவனே கண்டுபிடித்திருப்பான். இப்போது யாராவது தப்பாகச் சொன்னால் நான் பெயரைச் சொல்வதில்லை. வாலைப் பார், அலகைப் பார் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

கணக்கெடுப்பு என்றால் குளத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். மொட்டை மாடியில் நின்று பதினைந்து நிமிடம் பார்த்தாலே போதும். பார்த்த எல்லாவற்றையும் எழுத வேண்டும், காக்கையையும் மைனாவையும் விடக் கூடாது. பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதிகிற ஈபேர்ட் என்ற இணையதளத்தில் சேர்த்துவிடலாம். உலக அளவில் பிப்ரவரி நடுவில் நான்கு நாள் இதே மாதிரி ஒன்று நடக்கிறது, 1998-இல் அமெரிக்காவில் ஆரம்பித்து 2013-இல் எல்லா நாடுகளுக்கும் விரிந்தது. வேலைக்குப் போகிறவர்கள், உடம்புக்கு முடியாதவர்கள், சின்னக் குழந்தை வைத்திருக்கிறவர்கள் இதில் சேரலாம். என் மனைவி சமையலறை ஜன்னலில் இருந்து எழுதிய பட்டியலில் செண்பகமும் தையல்சிட்டும் இருந்தன. பத்து வருடமாக அந்த ஜன்னலில் நின்றுதான் சமைக்கிறாள். தையல்சிட்டு அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படி எழுதியதெல்லாம் எங்கே போகிறது என்று 2023-இல் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை அந்த வருடம் வெளியானது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஈபேர்டில் பதிந்த தகவல்களை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டிருந்தார்கள். பனங்காடை குறைந்துவருகிறது, அதன் நிலையை உலக அளவில் மறுபடியும் மதிப்பிட வேண்டும் என்று அதில் இருந்தது. எங்கள் பக்கத்தில் பனங்காடையை எல்லாருக்கும் தெரியும். கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும், பறந்தால் சிறகில் நீலம் விரியும். சாதாரணப் பறவை என்று விட்டிருந்தால் அது குறைவது யாருக்கும் தெரிந்திருக்காது. யார் யாரோ காலையில் எழுந்து பார்த்து எழுதியதால் தெரிந்தது.

அந்த டிசம்பரில்தான் வெள்ளம். 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். குளங்கள் வரிசையாக உடைந்தன. எங்கள் குளமும் உடைந்தது. பொங்கலுக்கு நாங்கள் நாலு பேர் மட்டும் போனோம். கரையில் உடைப்பை மணல் மூட்டை அடுக்கி அடைத்திருந்தார்கள். தண்ணீர் முழுக்க வெளியேறி, சேறு மட்டும் மின்னிக்கொண்டு கிடந்தது. தலைமையாசிரியர் சார் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்து, புத்தகமெல்லாம் போய்விட்டது. அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். “மூணு வாரமா வீட்டுக்குள்ள சேறு அள்ளிட்டே இருக்கேன். குளம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரணும்னு தோணிச்சு” என்றார். சேற்றில் பவளக்காலி உள்ளான்கள் நீண்ட சிவப்புக் கால்களால் எட்டி எட்டி நடந்தன. நாற்பத்தாறு. வாலாட்டிக் குருவி ஏழு. எழுதும்போது சாருடைய கை நடுங்கியது, குளிரா வேறெதுவுமா என்று நான் கேட்கவில்லை. தாத்தாவும் உடைப்புப் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

போன நவம்பரில் ஒருநாள் கடையில் வேலையாக இருந்தபோது போன் வந்தது. தாத்தாதான். பேரன் போனில் இருந்து பேசினார்.

“தம்பி, அந்தச் சின்ன வாத்து வந்துட்டு.”

“எத்தன தாத்தா?”

“நான் எண்ணல. மடைக்கு வடக்க நிக்கி. பத்துப் பத்தா எண்ணணும்னு சொல்லுவியளே, என் கண்ணுக்கு அது தெரிய மாட்டேங்கு. நீங்க எப்ப வாரிய?”

கடையை மதியத்தோடு சாத்திவிட்டு ஸ்கோப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.